வேண்டாத வளைவு என்று யார் சொன்னது?

வெக்டர் வரைகலை மென்பொருள் எதை எடுத்துக்கொண்டாலும் அதில் ஏதோ ஒரு பெயரில் ஒரு கத்தி இருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் அது கத்தரிக்கோல். கோரல்ட்ராவில் 'விர்ச்சுவல் செக்மென்ட் டெலீட்' என்ற நீண்ட பெயர். இங்க்ஸ்கேப்பில் இரண்டு நோடுகளுக்கு நடுவே உள்ள துண்டை மட்டும் நீக்குவதற்கென்று ஒரு பொத்தான். எல்லாவற்றின் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வளைகோடு இன்னொன்றைக் கடந்து எங்கே துருத்திக்கொண்டிருக்கிறதோ, எங்கே தன்னைத்தானே குறுக்கே வெட்டி வளையமாகிறதோ, அந்தத் துண்டை எடுத்துவிடுவது. பயிற்சி வகுப்புகளில் இதை 'வேண்டாத பகுதியை நீக்குதல்' என்கிறார்கள். இந்தப் பெயரோடுதான் எங்களுக்குச் சண்டை.

இலக்கியம் பேசும் இடத்தில் மென்பொருள் கத்திக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. நாம் வாங்கும் நூல்களில் பலவற்றின் தலைப்பு இன்று தட்டச்சு செய்யப்பட்ட சொல்லாக அச்சகத்துக்குப் போவதில்லை. எழுத்துருவிலிருந்து எடுக்கப்பட்டு, 'கர்வ்' ஆக மாற்றப்பட்டு, வெறும் கோட்டோவியமாகப் போகிறது. அச்சகத்தின் கணிப்பொறியில் அந்த எழுத்துரு இல்லாமல் போனால் தலைப்பு குலைந்துவிடும் என்ற நியாயமான அச்சத்தில் செய்யப்படுவதுதான் இது. ஆனால் மாற்றிய நொடியில் அந்தச் சொல் சொல்லாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அதைத் தேட முடியாது, பிழைதிருத்தி மென்பொருளால் படிக்க முடியாது. கணிப்பொறியைப் பொறுத்தவரை அதற்கும் அட்டையின் மூலையில் உள்ள மரக்கிளைக்கும் வேறுபாடில்லை. அதன்பின் வடிவமைப்பாளர் அழகுக்காகவும் இட நெருக்கடிக்காகவும் கத்தியை எடுக்கிறார். உள்ளே இருநூறு பக்கங்களை எழுத்தெழுத்தாகப் படித்த மெய்ப்புத் திருத்துநர் அட்டையைப் பார்க்கும்போது அது அச்சாகி வந்திருக்கும்.

எங்களில் ஒருவர் வாங்கிவந்த கவிதைத் தொகுப்பொன்றின் அட்டையில் 'வீடு' என்ற சொல் 'விடு' என்று நின்றது. முதுகிலும் உள்ளே தலைப்புப் பக்கத்திலும் வீடுதான். அட்டையில் மட்டும் விடு. யாரும் தவறாகத் தட்டச்சு செய்யவில்லை. மேல்விலங்கின் நுனியிலிருந்த சிறு சுழி, அதற்கு மேலே வைத்த படத்தின் விளிம்போடு உரசியிருக்கிறது. உரசிய துண்டு 'வேண்டாத பகுதி' ஆகிவிட்டது. பதிப்பாளரிடம் கேட்டால் "டிசைன் அப்படி" என்று பதில் வந்தது. ஒரு நெடிலைக் குறிலாக்கும் உரிமை டிசைனுக்கு எப்போது கிடைத்தது?

இந்தக் கத்தியின் பூர்வீகத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். இன்றைய வெக்டர் மென்பொருள்கள் எல்லாம் நம்பியிருக்கும் வளைகோட்டுக் கணிதம் பிரான்சின் கார்த் தொழிற்சாலைகளில் பிறந்தது. சித்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்டெல்ஜோ 1959இல் அதைக் கண்டடைந்தார். நிறுவனம் அதைத் தொழில் ரகசியமாகப் பூட்டிவைத்தது. ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே 1960களில் தன் வழியில் அங்கே வந்து சேர்ந்து, அதை வெளியிடவும் செய்தார். ஆகவே உலகம் அதை பெசியே வளைகோடு என்கிறது. 1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் 1987இல் வந்த இல்லஸ்ட்ரேட்டரும் அந்தக் கணிதத்தை அச்சுத் தொழிலுக்குள் கொண்டுவந்தன. கார்க் கதவின் ஓரம் தன்னைத்தானே குறுக்கே வெட்டிக்கொண்டால் அது பிழை, சந்தேகமே இல்லை. இரும்புத் தகட்டை அப்படி வளைக்க முடியாது. கதவின் கோடு சட்டத்தைத் தாண்டி நீண்டால் அதுவும் பிழை. குறுக்கே கடப்பதையும் வெளியே நீள்வதையும் குற்றமாகக் காணும் கண் அந்தத் தொழிலுக்குப் பொருத்தமானது. தமிழ் எழுத்துக்கு அந்தக் கண்ணை அப்படியே பொருத்துவதுதான் சிக்கல். தமிழ் எழுத்து குறுக்கே கடப்பதாலும் வெளியே நீள்வதாலும் ஆனது.

கணிதத்தின்மேல் எங்களுக்குக் குறை ஏதுமில்லை. காஸ்டெல்ஜோவின் வழிமுறை அழகானது. ஒரு வளைகோட்டை நான்கு புள்ளிகள் ஆள்கின்றன. அடுத்தடுத்த புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து ஒவ்வொரு கோட்டின் நடுவையும் குறித்தால் மூன்று புள்ளிகள். அவற்றை இணைத்து நடுவைக் குறித்தால் இரண்டு. அவற்றை இணைத்து நடுவைக் குறித்தால் ஒன்று. அந்த ஒன்று வளைகோட்டின்மேலேயே அமரும். அந்த இடத்தில் கோடு இரண்டாகப் பிரிகிறது. நான்கு புள்ளி ஏழு புள்ளி ஆகிறது, ஆனால் வடிவம் மயிரிழைகூட மாறுவதில்லை. நடுவில்தான் என்றில்லை, எந்த விகிதத்தில் பிரித்தாலும் இப்படித்தான். வெட்டுவதால் எழுத்து கெடுவதில்லை. வெட்டியதில் எதைக் குப்பையில் போடுகிறோம், மிஞ்சிய இரு முனைகளை எதைக்கொண்டு ஒட்டுகிறோம் என்பதில்தான் கெடுகிறது. அந்த இரண்டையும் கணிதம் தீர்மானிப்பதில்லை. சுட்டியைப் பிடித்திருக்கும் கை தீர்மானிக்கிறது.

நம் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்கள் ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்தின் பெயரிலேயே எண்ணிக்கை இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் அதில் முதல் சுழிதான் முழுதாக மூடிய வளையம், மற்றவை வளைந்து இறங்கும் விற்கள். தடித்த எழுத்தில் இந்த விற்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. குறுகிய இடத்தில் பெரிய தலைப்பை அடைக்க நினைப்பவர் நடுவில் உள்ள ஒரு காலை எடுத்துவிட்டால் 'மணம்' 'மனம்' ஆகிவிடும், 'பணி' 'பனி' ஆகிவிடும். சொற்பிழைதான், ஆனால் சொற்பிழை போலவே தெரியாது. இரண்டுமே நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால் வாசகன் ஐயுறமாட்டான். வேறொரு நூலை வாங்கிவிட்டதாகக் கருதிக்கொள்வான்.

உயிர்மெய்க் குறிகளில் நிலைமை இன்னும் மோசம். மேல்விலங்கின் முனை சுழித்தால் நெடில், சுழிக்காவிட்டால் குறில். 'மீன்' 'மின்' ஆவதற்கு ஒரு நகக்கீறல் அளவு வளைவு போதும். கொம்பின் கதையும் அதுதான். ஒற்றைக்கொம்பின் மேல்முனையைச் சுழித்தால் இரட்டைக்கொம்பு. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை இவ்வாறு சுழித்தும் நீட்டியும் காட்டும் முறையை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்வது மரபு. அதற்குமுன் குறிலுக்குப் புள்ளி வைத்தார்கள். ஓலையில் புள்ளி பெரும்பாலும் விடுபட்டது. ஆகவே கொடையா கோடையா என்பதை இடம்நோக்கி ஊகிக்க வேண்டியிருந்தது. அந்த ஊக வேலையிலிருந்து வாசகனை விடுவித்த வளைவை நாம் இன்று அலங்கார மிச்சம் என்று வெட்டியெறிகிறோம். 'ஓடு' என்பதன் அடியிலிருக்கும் சுருளை வெட்டினால் 'ஒடு'. 'ஏடு' என்பதன் கீழே நீளும் சாய்கோட்டை வெட்டினால் 'எடு'. ஏடு நடத்துபவர்களாவது இதைக் கவனிக்க வேண்டாமா?

இந்தக் கருவிகள் நடைமுறையில் எப்படிக் கெடுக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறோம். கோரல்ட்ராவில் ஓர் எழுத்தின் புறக்கோட்டில் ஒரு துண்டை அழித்தால் மூடிய பாதை திறந்துவிடும். திறந்த பாதைக்கு அது இயல்பாக நிறம் நிரப்பாது. எழுத்து திடீரென்று உள்ளீடற்ற கம்பிபோல் ஆகிவிடும். பதறிய கை, திறந்த இரு முனைகளையும் நேர்கோட்டால் மூடும் கட்டளையை அழுத்துகிறது. நிறம் திரும்பிவிடுகிறது. சுழி இருந்த இடத்தில் ஒரு தட்டையான வெட்டு மிஞ்சுகிறது. அட்டைகளில் கொம்புகளின் முனை ரம்பத்தால் அறுத்ததுபோல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சுழியின் உள்வெளி இன்னொரு கண்ணி. அது ஒரு தனிப் பாதை, வெளிப்பாதைக்கு எதிர்த்திசையில் ஓடவேண்டியது. வெட்டி ஒட்டும்போது திசை மாறி இரண்டும் ஒரே பக்கம் ஓடத் தொடங்கினால் சுழி அடைபட்டுக் கறுத்துப்போகும். அதையும் 'போல்டு' என்று சொல்லி அச்சுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு.

பிறகு 'சிம்ப்ளிஃபை'. இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல் விசையுடன் எல் எழுத்தை அழுத்தினால் நோடுகள் குறையும். அடுத்தடுத்து விரைவாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் இன்னும் மூர்க்கமாகக் குறையும். நோடுகள் குறைந்தால் வளைவு வழவழப்பாகும் என்பது வரைகலையில் ஏறத்தாழ வேதவாக்கு. அதில் உண்மை உண்டு. கையெழுத்தை ஸ்கேன் செய்து தானியங்கியாகக் கோடாக்கினால் நூற்றுக்கணக்கான நோடுகள் சிதறிக் கிடக்கும், அவற்றைப் பெருக்கித்தள்ளத்தான் வேண்டும். ஆனால் குறைப்பதற்கு ஓர் எல்லையை அந்தக் கணிதமே வைத்திருக்கிறது. மூன்றாம் படி வளைகோடு ஒன்று தன்னைத்தானே அதிகபட்சம் ஒரு முறைதான் குறுக்கே கடக்க முடியும். ஐகாரக் கொம்பில் இரண்டு வளையங்கள். அதை வெறும் மையக்கோடாக வரைந்தால்கூட ஒரே துண்டில் அடக்க இயலாது. அந்த எல்லைக்குக் கீழே நசுக்கினால் ஒரு வளையம் போய்த்தான் தீரும். வழவழப்பு கிடைக்கும், ஐகாரம் கிடைக்காது.

எங்கள் தரப்புக்கு எதிராக மூன்று வாதங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, சுழிகள் ஓலைச்சுவடியின் எச்சம், எழுத்தாணியால் நேர்கோடு கீறினால் ஓலை கிழியும் என்பதால் வந்தவை, திரையில் ஓலை இல்லை, எனவே சுழியும் வேண்டாம் என்பது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஒன்று எதனால் வந்தது என்பதும் இன்று என்ன செய்கிறது என்பதும் வேறுவேறு கேள்விகள் என்பதை இவர்கள் யோசிப்பதில்லை. ரோமன் எழுத்தின் முனைகளில் உள்ள சிறு கால்கள் கல்வெட்டிலிருந்தும் தூரிகையிலிருந்தும் வந்தவை என்கிறார்கள். அவற்றை எடுத்துவிட்டாலும் அந்த எழுத்து அதே எழுத்துதான். தமிழில் சுழியை எடுத்துவிட்டால் அதே எழுத்து இல்லை. ரோமன் எழுத்துக்கு நடந்தது நமக்கும் நடக்கட்டும் என்பவர்கள் இந்த ஒரு வேறுபாட்டை விளக்கிவிட்டு மேலே பேசட்டும்.

இரண்டாவது, தாய்லாந்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். தாய் எழுத்தின் தலையிலும் வளையம் உண்டு. வளையமற்ற வடிவம் அங்கே விளம்பரங்களிலும் திரைகளிலும் பரவியிருக்கிறது. உண்மைதான். ஆனால் அங்கே நடந்ததை முழுதாகப் பார்க்க வேண்டும். ஐபிஎம் பிளெக்ஸ் எழுத்துருக் குடும்பத்தில் தாய் மொழிக்கு வளையமுள்ள வடிவம், வளையமற்ற வடிவம் என்று இரண்டு தனித்தனியாக இருக்கின்றன. நோட்டோ குடும்பத்திலும் அப்படியே. எழுத்துருவாளர்கள் எழுத்துத் தொகுதி முழுவதையும் எடுத்து, வளையம் போனால் எந்த எழுத்து எதோடு குழம்பும் என்று பார்த்து வரைந்தவை அவை. அப்படியும் வளையமற்ற வடிவில் சில எழுத்துகள் ரோமன் எழுத்துகளைப் போலத் தோன்றுகின்றன என்ற விவாதம் ஓயவில்லை. தமிழிலும் ஒருவர் உட்கார்ந்து 247 எழுத்துகளுக்கும் அந்த உழைப்பைச் செலுத்தி, குறில் நெடில் வேறுபாட்டை வேறொரு வழியில் காட்டிவிட்டுச் சுழியை நீக்கினால் நாங்கள் முதல் வரிசையில் நின்று பார்ப்போம். அட்டையில் இடம் போதவில்லை என்று ஒரே ஓர் எழுத்தின் வாலை நறுக்குவதற்குத் தாய்லாந்தைச் சாட்சிக்கு அழைப்பது வேறு காரியம்.

மூன்றாவது வாதம் எழுத்துச் சீர்திருத்தம். பெரியார் செய்தார், அரசு ஏற்றது, இப்போது டிசைனர் செய்தால் என்ன என்கிறார்கள். பெரியார் தம் இதழ்களில் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கியது 1935இல். தமிழக அரசு ஆணை பிறப்பித்தது 1978இல். இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல். மாறியவை 13 எழுத்துகள். துதிக்கைபோல் வளைந்த பழைய லை, னை, ணை, ளை, கீழே மடங்கிய றா, னா, ணா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள். அவை நீங்கியதில் எங்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. எங்களில் ஒருவர் இன்றும் கையெழுத்தில் பழைய லையைத்தான் எழுதுகிறார். அது போகட்டும். அந்த மாற்றத்தில் ஓர் ஒலி இன்னோர் ஒலியாகவில்லை. ஏற்கெனவே கை, தை, மை என்று இருந்த குறியைத்தான் எஞ்சிய நான்குக்கும் கொடுத்தார்கள். குறைத்தபோதும் வேறுபாட்டைக் காப்பாற்றினார்கள். பின்னாளில் வா.செ. குழந்தைசாமி உகர ஊகாரங்களுக்கும் இகர ஈகாரங்களுக்கும் சீர்மை வேண்டும் என்று எழுதியபோது தமிழுலகம் பல ஆண்டுகள் சண்டையிட்டது, ஏற்கவில்லை. சண்டை நடந்தது என்பதுதான் முக்கியம். இன்று சுட்டியின் ஒரு சொடுக்கில் நடக்கும் சீர்திருத்தத்துக்கு ஆணையும் இல்லை, விவாதமும் இல்லை, செய்தவருக்கே தான் ஒன்றைச் செய்தோம் என்று தெரிவதும் இல்லை.

நிற்க. வேண்டாதது, வேண்டியது என்பதெல்லாம் கோட்டிலேயே எழுதியிருப்பதில்லை என்பதற்கு எழுத்துருத் தொழிலே சான்று தருகிறது. எழுத்தின் பகுதிகளைத் தனித்தனியாக வரைந்து ஒன்றின்மேல் ஒன்று படியவைப்பது வழக்கம். எழுத்துருவை வெளியிடுமுன் அந்த மேற்படிவுகளை எல்லாம் வெட்டி ஒன்றாக்கிவிட வேண்டும் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. மேற்படிவோடு வெளியிடுபவர் அரைவேக்காடு. 2016இல் தடிமனையும் அகலத்தையும் பயனரே மாற்றிக்கொள்ளும் மாறுநிலை எழுத்துருக்கள் வந்தன. ஒரு வடிவம் இன்னொன்றாக உருமாற வேண்டுமானால் இரண்டிலும் நோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். மேற்படிவை வெட்டினால் அந்த இணை குலைகிறது. ஆகவே இன்று அத்தகைய எழுத்துருக்களில் மேற்படிவை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். நேற்றுவரை குப்பையாக இருந்த கோடு இன்று எழுத்தைத் தாங்கும் எலும்பு. கோடு மாறவில்லை, அதனிடம் நாம் கேட்ட வேலைதான் மாறியது.

எங்கள் கோபம் டி.டி.பி. மையங்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளர்மேல் இல்லை. வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டித் தருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டும் எந்திரத்தின் கத்தி பாதை போகும் இடமெல்லாம் போகும். எழுத்தின் பகுதிகள் மேற்படிந்திருந்தால் எழுத்தின் நடுவிலேயே கீறிவிடும். எனவே அவர் மேற்படிவை ஒன்றாக்கித்தான் ஆகவேண்டும். வெட்டியபின் ஒவ்வொரு சுழியின் உள்ளே இருக்கும் மிளகளவு துணுக்கையும் ஊசிமுனையால் கிளப்பி எடுக்க வேண்டும். ஐம்பது ரூபாய் வேலையில் அந்தச் சுழியை அடைத்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றினால் நாம் அவரைக் குறைசொல்ல மாட்டோம். சுழியைச் சற்றுப் பெரிதாக்கி வரைந்தால் துணுக்கும் எளிதில் வரும், எழுத்தும் பிழைக்கும் என்பதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் யார்? எழுத்தைக் கையால் எழுதிப் பழகச் சொல்லாமல் முதல் நாளே பென் டூலைக் கையில் கொடுக்கும் வரைகலைப் பள்ளிகளும், 'கொஞ்சம் மாடர்னா பண்ணுங்க' என்பதற்குமேல் ஒரு சொல் சொல்லத் தெரியாத பதிப்பாளர்களும்தான் எங்கள் இலக்கு.

பதிப்பாளர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய காரியங்கள் அல்ல. எழுத்தை 'கர்வ்' ஆக்குமுன் தட்டச்சு நிலையிலுள்ள கோப்பை ஒரு படி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கத்தி படியில் மட்டும் படட்டும். வெட்டிய தலைப்பைக் குறைந்த சாயலில் அடியில் வைத்த மூல எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எல்லா மென்பொருளிலும் அது சில நொடி வேலை. அட்டையை அதே அளவில் அச்சிட்டு மெய்ப்புத் திருத்துநரிடம் கொடுங்கள். நூலின் பெயரை முன்பே அறிந்தவர் கண்ணுக்கு இல்லாத சுழியும் தெரியும் என்பதால், அறியாத ஒருவரை அதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் 'விடு' என்று படித்தால் அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

நேரமில்லை என்று சொல்வார்கள் என்பது தெரியும். சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் வருகிறது. அட்டைகள் டிசம்பர் கடைசி வாரத்தில் வரையப்படுகின்றன. உள்பக்கங்களுக்கு மூன்று மெய்ப்பு பார்க்கும் பதிப்பகங்களிலும் அட்டைக்கு ஒரு வாட்ஸ்அப் படம்தான் வருகிறது, கைப்பேசியில் பெருவிரல் அளவில். அந்த அளவில் மேல்விலங்கும் மேல்விலங்குச் சுழியும் ஒன்றாகவே தெரியும். இந்த டிசம்பரில் உங்கள் நூல் வருவதாக இருந்தால் அந்தப் படத்துக்குக் கட்டைவிரல் உயர்த்திப் பதில் அனுப்பாதீர்கள். பெரிய கோப்பை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.